சாடியை நினைத்து விதை போடுங்கள்

ரொறன்ரோவின் பார்க்டேலில் மிளகாய்க் கன்று வைக்க ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி: காய்த்ததை என்ன செய்யப் போகிறீர்கள்? பச்சையாய்ச் சமைக்கவா, மோர்மிளகாய் போடவா, பழுக்கவிட்டுச் செத்தல் எடுக்கவா? அதைப் பொறுத்து விதையும் மாறும், பறிக்கும் நாளும் மாறும். வளர்க்கிற கையும் பதப்படுத்துகிற கையும் ஒன்றாக இருந்தால்தான் தை மாதத்தில் சாடி நிறைந்திருக்கும்.

நமக்கு இங்கே கிடைக்கும் காலம் குறுகியது. மே மாத நடுப்பகுதி வரை இரவில் உறைபனி விழலாம். அதனால் விக்டோரியா தின வார இறுதிக்குப் பிறகுதான் மிளகாய், கத்தரி, தக்காளி வெளியே போகலாம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய்க்கு எட்டுப் பத்து வாரம் வேண்டும். மார்ச் நடுவிலேயே நாற்றுத் தட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். ஒன்ராறியோ ஏரி பக்கத்தில் இருப்பதால் வசந்தத்தில் காற்று குளிர்ந்தே வீசும், மண் சூடேறத் தாமதமாகும். அந்தக் கடனை ஏரி ஐப்பசியில் திருப்பித் தரும்: நகரின் வடக்கே பனி விழுந்த பிறகும் நம் செடிகள் சில நாள் நிற்கும்.

நாற்றை ஒரே நாளில் வெளியே தூக்கி வைக்காதீர்கள். முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் வெயில், பிறகு கொஞ்சம் காற்று. ஒரு வாரம் பத்து நாள் இப்படிப் பழக்க வேண்டும். சன்னலோரம் வளர்ந்த கன்றை நேரே உச்சி வெயிலில் வைத்துவிட்டு, இலை வெளுத்ததும் உரம் போதவில்லை என்று நினைப்பவர்கள் பலர். அது வெயில் சுட்ட இலை. உரம் போட்டால் இன்னும் கெடும்.

ஜேம்சன் அவென்யூ அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு இருபது லீற்றர் வாளி போதும். அடியில் துளை போடுங்கள், தெற்குப் பார்த்த பல்கனியாகப் பாருங்கள். உயரமான மாடிக்குத் தேனீ அவ்வளவாக வராது. பாகற்கொடி வைத்தால் காலையில் ஆண்பூவைப் பறித்து, அடியில் குட்டிக்காய் தெரிகிற பெண்பூவில் தொட்டு விடுங்கள். முதலில் ஆண்பூக்கள்தான் வரும். காய்க்காத கொடி என்று பிடுங்கிவிடாதீர்கள்.

நிலம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மசாரிக் பூங்காவில் ஹோப் சமூகத் தோட்டம் இருக்கிறது. திபெத்தியப் பெரியவர்கள் பாடுபட்ட மில்க்கி வே சந்துத் தோட்டத்தின் நிலத்தை 2017இல் பார்க்டேல் நெய்பர்ஹுட் லேண்ட் டிரஸ்ட் வாங்கியது. கட்டிடம் எழும்பியிருக்கக்கூடிய மண் கீரைக்கு மிஞ்சியது. பழைய வீட்டுப் பின்வளவில் நடுவதானால் மட்டும் கவனம்: பழைய பெயின்றிலிருந்து உதிர்ந்த ஈயம் மண்ணில் இருக்கலாம். மரச்சட்டம் கட்டி, நல்ல மண் கொட்டி, அதற்குமேல் பாத்தி போடுங்கள்.

இனி மோர்மிளகாய். எனக்குக் கற்றுத்தந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியம்மா ஒருவர். பறிக்கும் காயைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். முற்றியிருக்க வேண்டும், சிவக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. காம்பை விட்டுவிட்டு நடுவே ஒரு கீறல். உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறும், பகலில் காயும், பின்னேரம் மறுபடி அதே மோருக்குள் போகும். மோர் வற்றும்வரை இதுதான் வேலை.

ஊரில் வெயில் செய்ததை இங்கே செப்டெம்பர் வெயில் செய்யாது. ஏரிக்கரை ஈரத்தில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். அதனால் உலர்த்தும் பெட்டியை 57 பாகை செல்சியசில் வையுங்கள். பெரியம்மா முதலில் அதை நம்பவில்லை. பிறகு ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கினார். "பிள்ளை, கண்ணாலை பாத்துக் காணாது, காதாலையும் கேள்" என்றார். விதை கலகலக்க வேண்டும், ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்ததும் நேரே அடைத்து வைக்காதீர்கள். கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உட்புறம் துளி நீர் கோத்தால் திரும்பவும் பெட்டிக்குள். பாகற்காய் வற்றலுக்கும் இதே முறைதான். வட்டங்கள் ஒரே தடிப்பில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மெல்லியது கருகும்போது தடித்தது ஈரமாயிருக்கும்.

தக்காளியைப் போத்தலில் அடைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. புளிப்புக் குறைந்து அமிலக் குறியீடு (pH) 4.6க்கு மேலே போனால் பொட்டுலிசம் நஞ்சுக்கு வழி திறக்கும். அதற்கு மணமும் இராது, நிறமும் மாறாது. 500 மில்லிலீற்றர் போத்தலுக்குக் கடையில் விற்கும் போத்தல் தேசிச்சாறு ஒரு மேசைக்கரண்டி விடுங்கள். பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் வேறுபடும். எண்ணெய் மூடினால் போதும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. எண்ணெயில் புளிப்பு இல்லை, அது காற்றை மட்டுமே அடைக்கும். அந்த நஞ்சை உண்டாக்கும் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும். எண்ணெயில் போட்ட பச்சை உள்ளியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளிலேயே முடித்துவிடுங்கள்.

கறிவேப்பிலைச் சாடியை இரவு பத்துப் பாகைக்குக் கீழே போகுமுன் உள்ளே எடுங்கள். தண்டில் பழுப்புச் செதில் போல ஒட்டியிருப்பது பூச்சி. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள்.

தொடங்குகிறவர்கள் பேராசைப்பட வேண்டாம். இரண்டு வாளி, ஒரு வகை மிளகாய், ஒரு போத்தல். நன்றாய்க் காய்த்த செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் சிவக்க விடுங்கள், அவை விதைக்கு. அந்த விதை பார்க்டேல் காற்றில் ஒரு முறை பிழைத்த செடியின் விதை; கடைப் பைக்கற்றில் வருவதைவிட நான் நம்புவது அதைத்தான்.