இடுப்பில் ரொட்டி முடிந்தவன்

ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அலமேலம்மாவின் சாபத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. காவிரித் தண்ணீரோடு உள்ளே போய்விடும். 1610இல் ராஜ உடையார் பட்டணத்தைப் பிடித்தார். தோற்றுப்போன விஜயநகரப் பிரதிநிதி திருமலையின் மனைவி அலமேலம்மா. செவ்வாய், வெள்ளியில் ரங்கநாயகித் தாயாருக்குச் சாற்ற அவள் நகைகள்தான் கோயிலுக்குப் போகுமாம். அந்த நகைகளைக் கேட்டு உடையாரின் ஆட்கள் துரத்த, தலக்காட்டுப் பக்கம் மாலங்கியில் ஆற்றில் குதித்தாள்; குதிக்குமுன் மைசூர் அரச வம்சத்துக்குப் பிள்ளையில்லாமல் போகவேண்டும் என்று சபித்தாள் என்பது கதை.

அரண்மனையில் தத்து நடக்கும்போதெல்லாம் ஊர் இதை எடுத்துப் பேசும். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1865இல் தத்தெடுத்த குழந்தையை வாரிசாக ஏற்க ஆங்கிலேயருக்கு 1867வரை மனம் வரவில்லை. 2015இல் யதுவீர் என்பவரை வாரிசாகத் தத்தெடுத்தார்கள். 2017 டிசம்பரில் அவருக்கு மகன் பிறந்ததும் சாபம் தீர்ந்ததென்று செய்தி வந்தது. படித்தபோது எனக்கு என் தங்கையின், பெரியம்மா பெண்ணின், முகம்தான் வந்தது. தத்து என்றால் சாபத்தின் பாக்கி என்று பேசும் ஊரில் அவள் தத்துப்பெண்ணாக வளர்ந்தவள்.

மைசூரில் ஓர் இல்லத்திலிருந்து வந்தபோது அவளுக்கு நாலு வயது இருக்கும். கன்னடம் மட்டும்தான் பேசுவாள். சொல்லாமலே வளர்த்துவிடலாம் என்று உறவில் ஒருவர் யோசனை சொன்னார். நாலு வயதுக் குழந்தைக்கு ஞாபகமே இருக்காது என்று அவருக்கு யார் சொன்னார்களோ! பெரியம்மா மடியில் அவள் உட்காரமாட்டாள். தலையணைக்கு அடியில் காய்ந்த சப்பாத்தி இருக்கும். பெரியம்மா முதலில் எடுத்தெறிந்தாள். மறுநாள் இரண்டு இருந்தது.

பாட்டிக்கு மனநூல் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது மேலுகோட்டைச் செல்லப்பிள்ளை. எங்கள் ஊரிலிருந்து பாண்டவபுரம் தாண்டினால் மேலுகோட்டை. மண்டயம் ஐயங்கார்களுக்குத் தாய்வீடு மாதிரி. அந்தக் கோயில் உற்சவமூர்த்தி டெல்லி சுல்தானின் அரண்மனையில் இருந்தாராம். சுல்தானின் மகள் அவரைப் பொம்மைபோல் வைத்துக் கொஞ்சினாளாம். ராமானுஜர், பாட்டி வாக்கில் உடையவர், போய்ச் செல்லப்பிள்ளை என்று கூப்பிட்டதும் விக்கிரகம் நடந்துவந்து மடியில் ஏறிக்கொண்டது. சந்நியாசிக்குப் பிள்ளை கிடைத்த கதை. பெரியவர்கள் இங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

பாட்டி எழமாட்டாள். "வழியெல்லாம் அவன் இடுப்புல ரொட்டி முடிஞ்சிண்டு வந்தான்டி. புது ஆம் எப்படியோ, சாதம் போடுவாளோ மாட்டாளோன்னு அவனுக்கு பயம்."

"ஆமேலே?" அப்புறம் என்று கன்னடத்தில் கேட்பாள் அவள்.

"உடையவர் அதைப் பிடுங்கலை. ராத்திரி அவன் பக்கத்துல ஒரு சம்புடம் வெச்சார். எப்போ வேணாலும் எடுத்துக்கோன்னார்."

எந்தப் புராணத்திலும் இது கிடையாது. பாட்டி கட்டிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் சுல்தான் மகளான துலுக்க நாச்சியார் சந்நிதியில் ரொட்டி நைவேத்யம் உண்டு. அதிலிருந்துதான் நூலைப் பிடித்திருப்பாள். பெரியம்மாவும் அடுக்களையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் போல. அந்த வாரமே குழந்தையின் படுக்கையருகில் மூடிபோட்ட டப்பா வந்தது. சப்பாத்தி ஒளிப்பது நிற்க வெகுநாளாயிற்று. மடிக்கு வர அதைவிட நாளாயிற்று.

அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த சிகிச்சையாளர்கள் பாட்டி கதை சொன்ன இந்த வழியையே முறையாக வகுத்து 2005 வாக்கில் புத்தகமாக்கினார்கள். டெனிஸ் லாச்சர் அவர்களில் ஒருவர். சிகிச்சையாளர் ஒதுங்கிக்கொண்டு பெற்றோரைக் கதை சொல்லவைப்பதுதான் அதன் சாரம். அதில் ஒரு வகை, நீ பிறந்த அன்றே எங்களிடம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று சொல்வது. நடந்ததாகப் புளுகக்கூடாது, நடந்திருக்கவேண்டியது என்று சொல்லவேண்டும். பெரியம்மா இதையும் செய்தாள், எண்ணெய் தேய்த்துவிடும்போது. "நீ குட்டியா இருந்தப்போ நான் இருந்திருந்தா, காலை நீட்டிண்டு அதுல உன்னைப் போட்டு வெந்நீர் விட்டிருப்பேன். சாம்பிராணி போட்டிருப்பேன். நீ வீல்வீல்னு கத்தியிருப்பே." அந்தக் கத்தல்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம். இன்னொரு தரம் சொல் என்பாள்.

எங்கள் ஊர்க் கோட்டை மதிலைப் பார்த்தால் எனக்கு வேறு இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். 1792 உடன்படிக்கையில் திப்பு சுல்தான் ஆங்கிலேயரிடம் பிணையாகக் கொடுத்த மகன்கள். சின்ன வயது. கார்ன்வாலிஸ் அவர்களை ஏற்றுக்கொண்ட காட்சியை ஓவியர்கள் விதவிதமாகத் தீட்டித் தள்ளினார்கள். 1794இல்தான் திரும்பிவந்தார்கள். நடுவில் சென்னையில் ராத்திரிவேளைகளில் அவர்களுக்கு யார் என்ன சொல்லித் தூங்கவைத்தார்களோ.

அலமேலம்மாவிடமே வருகிறேன். அவளுக்கு உருவம் செய்து அரண்மனையில் பூஜை நடக்கிறது. பயத்தில் செய்ததென்பார்கள், இருக்கட்டும். யாரிடமிருந்து பறித்தார்களோ அவளுக்கும் வீட்டுக்குள் ஓர் இடம் வைத்தார்கள். மேலுகோட்டைக் கதையில் இதே காரியம் பிரியத்தினால் நடக்கிறது. செல்லப்பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாமல் சுல்தானின் மகள் பின்னாலேயே வருகிறாள். அவள்தான் பீபி நாச்சியார், இன்றும் அவர் காலடியில் இருக்கிறாள். பாட்டி ஒருநாளும் அவளை விட்டுவிட்டுக் கதையை முடித்ததில்லை. அதனால்தான் என் தங்கை ஒருநாள் கேட்டாள், "இல்லத்துல எனக்குத் தலைவாரின ஆயா ஏன் வரலே?"

பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது எனக்குத் தெரியும். ஆனாலும் மைசூர் போனாள். ஆயா வேலையை விட்டுப் போயிருந்தாள். ஊர்ப்பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. திரும்பிவந்து அதை அப்படியே குழந்தையிடம் சொன்னாள். இப்போதெல்லாம் தத்தெடுத்தபின் இரண்டு வருஷம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள், சொல்லிவளர்க்கும்படி யோசனையும் தருகிறார்கள். அன்று பெரியம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை.

இன்று என் தங்கை பெங்களூரில் தன் பையனுக்குச் செல்லப்பிள்ளை கதை சொல்கிறாள். ரொட்டி உண்டு, சம்புடம் உண்டு. பீபி நாச்சியாருக்குப் பின்னால் ஓர் ஆயாவும் மேலுகோட்டை வைரமுடி உற்சவத்துக்குக் கிளம்புகிறாள். பாண்டவபுரத்தில் பஸ் மாறி, பாக்கிச் சில்லறைக்குக் கண்டக்டரோடு சண்டை போட்டு, கையில் சீப்போடு மலையேறுகிறாள். பையன் அந்தச் சண்டையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறானாம்.