ஹீரோபிரைன் என்றொரு அண்ணன்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. மன்னிச்சுக்கோங்க மக்களே, ஆணி அதிகம். ப்ராஜெக்ட், பகுதி நேர வேலை, அதுபோக இந்தக் குளிர். குளிரெல்லாம் ஒரு காரணமாடான்னு கேக்காதீங்க. இங்க உப்சாலாவுல டிசம்பர் மாசம் மதியம் ரெண்டே முக்காலுக்கு சூரியன் கடையைக் கட்டிட்டுக் கிளம்பிடும். மறுநாள் காலைல எட்டே முக்கால் வாக்குலதான் ஷட்டரைத் தூக்கும். முதல் வருஷம் ஸ்வீடனுக்கு வர்றவனுக்கு இந்த இருட்டுல என்னென்னவோ ஆகும். எனக்கு ஆனது பேய் பயம்.

சிரிக்காதீங்க. அதுவும் புளியமரத்து முனி மாதிரி மரியாதையான பேய் இல்ல. கம்ப்யூட்டர் கேம் பேய். பேரு ஹீரோபிரைன்.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. மைன்கிராஃப்ட்னு ஒரு விளையாட்டு. 2009 மே மாசம் இதே ஸ்வீடன்ல மார்கஸ் பெர்சன்கிறவர் வெளியிட்டது. நாட்ச்னு சொன்னாத்தான் நிறைய பேருக்குத் தெரியும். ஜெயிக்கணும், தோக்கணும்னு எதுவும் கிடையாது. கட்டம் கட்டமா ஒரு உலகத்தைக் குடுத்துடுவாங்க. தோண்டு, வெட்டு, கட்டு. மண்ணுல விளையாடுற குழந்தை மாதிரி, அவ்வளவுதான். தனியா விளையாடினா அந்த உலகத்துல உங்களைத் தவிர வேற மனுஷன் கிடையாது.

2010 ஆகஸ்ட்ல பேர் போடாம ஒருத்தர் ஒரு படத்தையும் ஒரு கதையையும் இணையத்துல விட்டார். தனியா விளையாடிட்டு இருந்தப்ப மூடுபனிக்கு அந்தப்பக்கம் ஒரு உருவம் நின்னு தன்னையே பார்த்துச்சாம். பார்க்க நாம ஆடுற பாத்திரம் மாதிரியே இருந்துச்சாம், கண்ணுல மட்டும் ஒண்ணுமே இல்லையாம். அதுக்கப்புறம் அவரோட உலகத்துல அவர் செய்யாத வேலையெல்லாம் நடந்திருக்கு. ரெண்டுக்கு ரெண்டு கட்டம் அளவுல நேர்கோட்டுச் சுரங்கங்கள், கடல் நடுவுல குட்டிப் பிரமிடுகள், இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையா நிக்கிற மரங்கள். விசாரிச்சா, ஹீரோபிரைன்கிறது நாட்சோட சகோதரன் வச்சிருந்த பேராம், அந்தச் சகோதரன் இப்ப உயிரோட இல்லையாம். கதை அவ்வளவுதான்.

அப்புறம் நேரலைல விளையாடுற ஒருத்தர், சுவர்ல மாட்டுற படத்தோட தோலை மாத்தி, வீட்டுக்குள்ள அந்த ஆள் நிக்கிற மாதிரி காட்டினார். பத்திக்கிச்சு. தனக்கு அப்படிச் செத்துப்போன சகோதரன் யாரும் இல்லைன்னு நாட்சே சொல்லிட்டார். கேம்லயும் அப்படி ஒரு பாத்திரத்தை யாரும் எழுதவே இல்ல. ஆனா 2011 மே மாசம் வந்த பீட்டா 1.6.6-ல இருந்து, மாற்றங்களோட பட்டியல்ல "ஹீரோபிரைன் நீக்கப்பட்டான்"னு ஒரு வரி வேணும்னே சேர்க்க ஆரம்பிச்சாங்க. இல்லாதவனைத் திரும்பத் திரும்ப நீக்கினா சின்னப் பசங்க என்ன நினைப்பாங்க? இருந்தான்னுதானே!

*

இப்ப கொசுவத்தி. 2013. எனக்குப் பன்னெண்டு வயசு, தம்பிக்கு எட்டு. விருதுநகர்ல எங்க வீட்டு நடுரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு. சித்தப்பா பையன் பென் டிரைவ்ல கொண்டுவந்து ஏத்திக்குடுத்த மைன்கிராஃப்ட் 1.2.5. (காசு குடுக்காமதான். இப்ப குடுத்து வாங்கிட்டேன், கணக்கு நேராயிடுச்சு.) ஒரே உலகம், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆளுக்கு அரைமணி நேரம். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பார்.

அந்த அரைமணி நேரம் எனக்குப் பத்தல. தம்பி பயந்து எந்திரிச்சுப் போனா ஒரு மணி நேரமும் எனக்குத்தானே? இப்படித்தாங்க நான் ஹீரோபிரைன் ஆனேன்.

முதல்ல அவனுக்குக் கதையைச் சொன்னேன், கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி பார்த்து. மறுநாள் விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, அவன் கட்டின வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு மரத்தோட இலையை ஒண்ணொண்ணா வெட்டி எடுத்தேன். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. அந்த விளையாட்டுல அடிமரத்தை வெட்டினா இலை கொஞ்ச நேரத்துல தானா உதிர்ந்துடும். இலை போய் மரம் மட்டும் நிக்குதுன்னா அது தானா நடக்காது. யாரோ கையால செஞ்சிருக்கணும். அடுத்த நாள் கடல்ல மணல் பிரமிடு. அதுக்கடுத்து மலையைக் குடைஞ்சு ரெண்டுக்கு ரெண்டு சுரங்கம். கடைசியா அவன் ஆட்டுப்பட்டிக் கதவைத் திறந்து விட்டுட்டேன்.

"அண்ணா, நீ செஞ்சியா?"

"அம்மா மேல சத்தியமா நான் தொடவே இல்லடா. பயந்தாங்கொள்ளி."

பொய்ச் சத்தியம். கேம் விஷயம்தானேன்னு ரொம்ப ஈசியா வந்துச்சு.

அவன் கம்ப்யூட்டர் பக்கமே வர்றதில்லைன்னு ஆயிடுச்சு. எனக்கு முழுசா ஒரு மணி நேரம். ஆனா அதோட நிக்கல. ராத்திரி கொல்லைப்பக்கம் பாத்ரூமுக்குத் தனியாப் போக மாட்டேன்னுட்டான். யாரையும் எழுப்பவும் பயம். பாய்லயே போக ஆரம்பிச்சான். எட்டு வயசுல என்னடா இதுன்னு அப்பா ஒருநாள் பெல்ட்டை எடுத்துட்டார். தம்பி என்னைத்தான் பார்த்தான். ஏன் பயம்னு வாயைத் திறந்து சொல்லல. நானும் சொல்லல.

*

ஏன் இந்தக் கதை மட்டும் இப்படிப் பிடிச்சுக்குதுன்னு இங்க வந்தப்புறம் உக்காந்து யோசிச்சிருக்கேன்.

ஒண்ணு, மூடுபனி. பழைய மைன்கிராஃப்ட்ல எவ்வளவு தூரம் தெரியணும்னு நாம தேர்ந்தெடுக்கலாம். ஃபார், நார்மல், ஷார்ட், டைனி. எங்க வீட்டு மெஷின் டைனி தவிர எதுக்கும் தாங்காது. பத்தடி தள்ளி எல்லாமே வெள்ளைப் புகை. உலகத்தை இன்னும் தயார் பண்ணலைங்கிறதை மறைக்கத்தான் அந்தப் புகை. நமக்குப் புகைக்குள்ள யாரோ நிக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு, சத்தம். பக்கத்துல எங்கயாவது இருட்டான காலி இடம் இருந்தா, எப்பவாவது ஒரு ஊளை மாதிரி சத்தத்தை கேம் தானா எழுப்பும். எந்தப் பக்கம் இருந்து வருதுன்னும் புரியாது, எதுக்குன்னும் புரியாது. கதை பிறந்த 2010-ல அந்த உலகத்துல கிராமத்து ஆளுங்ககூட கிடையாது. அப்படி ஒரு வெறுமை.

மூணாவதுதான் முக்கியம். சினிமாப் பேய் செய்யறதை நாம செய்ய முடியாது. ஹீரோபிரைன் செய்யற எல்லாத்தையும் எட்டு வயசுப் பையன்கூட செய்யலாம். அதே கை, அதே கோடாரி. அதனால மொட்டை மரத்தைப் பார்த்தா "இது முடியாது"ன்னு தோணாது. "இங்க எனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்திருக்கான்"னுதான் தோணும். கேரிஸ் மாட்னு இன்னொரு விளையாட்டு, 2004-ல இலவசமா வந்து 2006-ல விலைக்கு வந்தது. அதுல 'கன்ஸ்ட்ரக்ட்'னு ஒரு காலி மைதானம், ஆளில்லாத கட்டடங்கள், ஒரு இருட்டு அறை. அதை வச்சும் இதே மாதிரி எத்தனையோ மர்மக் கதைகள் கிளம்பியிருக்கு. மணல்ல விளையாட விட்டா முதல்ல நாம தேடுறது வேற யாரோட காலடித் தடத்தையோதான் போல.

2021 ஜனவரில ஒரு வேடிக்கை நடந்துச்சு. மைன்கிராஃப்ட் அட் ஹோம்னு ஒரு குழு, அந்த முதல் படத்துல தெரியற நிலத்தை வச்சுக் கணக்குப் போட்டு, அந்த உலகத்தோட விதை எண்ணையே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆல்ஃபா 1.0.16_02 பதிப்புல அந்த எண்ணைப் போட்டா இன்னிக்கு யார் வேணும்னாலும் அதே இடத்துல போய் நிக்கலாம். மேடு இருக்கும், மரம் இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டான்.

*

சரி, டிசம்பருக்கு வர்றேன். விமானம் ஏறுறதுக்கு முந்தின வாரம், வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்த போட்டோ எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல ஏத்தினப்ப, அந்த உலகத்தோட ஃபோல்டரையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருந்தேன். திறந்து பார்க்கக்கூட இல்ல. ஒரு சனிக்கிழமை, எங்க காரிடார்ல எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயாச்சு. பொதுச் சமையலறைல என்னோட ரசப் பாத்திரம் மட்டும். அன்னிக்குத்தான் பழைய 1.2.5 பதிப்பை இறக்கி, உலகத்தைத் திறந்தேன்.

எல்லாம் அப்படியே இருந்துச்சு. ஆட்டுப்பட்டி, தம்பி கட்டின கோணல் வீடு, நான் மொட்டையடிச்ச ரெண்டு மரம். அதைப் பார்த்து ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் தள்ளி மூணாவதா ஒரு மொட்டை மரம்.

நான் ரெண்டுதானே வெட்டினேன்?

மேட்டைத் தாண்டி நாலாவது. புகைக்குள்ள அஞ்சாவது. சரியா அந்த நேரம் வெளியில இருந்து ஓ...ன்னு ஒரு அலறல். ஒண்ணு இல்ல, நாலாபக்கமும். நாற்காலியோட விழுந்திருப்பேன். அப்புறம்தான் மணி பத்துன்னு உறைச்சுது. நான் இருக்கிற ஃப்ளொக்ஸ்டா மாணவர் குடியிருப்புல ராத்திரி பத்து மணியானா ஜன்னலைத் திறந்து கத்துறது பல வருஷப் பழக்கம். ஊருக்குப் போகாத நாலு பேர் அன்னிக்கும் கத்தியிருக்காங்க. தினம் கேக்கிற சத்தம்தான். அன்னிக்கு மட்டும் முதுகுத்தண்டு வரைக்கும் இறங்குச்சு.

எண்ணிப் பார்த்தேன். என்னோட ரெண்டு போக ஒன்பது மரம். வரிசையா. கடைசி மரத்துக்குக் கீழ ரெண்டுக்கு ரெண்டு சுரங்கம், உள்ள கும்மிருட்டு. இருபத்துநாலு வயசுக் கழுதை, கைல டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு, ரூம் லைட்டையும் போட்டுட்டுத்தான் உள்ள போனேன். முடிவுல ஒரு சின்ன அறை. சுவர்ல ஒரு பலகை. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்.

"அண்ணா, இப்ப யாரு பயந்தாங்கொள்ளி?"

*

விடியக்காலம் மூணு மணி வரைக்கும் தூங்காம இருந்து, ஊர்ல ஏழரை ஆனதும் தம்பிக்கு போன் அடிச்சேன். இப்ப அவன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல இருக்கான். நாங்க பேசிக்கிறது கம்மி. மாசத்துக்கு ஒரு தடவை, "அம்மா பேசினாங்களா", "ம்", அவ்வளவுதான்.

"டேய், சுரங்கத்தைப் பார்த்துட்டேன்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சான். எத்தனை வருஷம் ஆச்சு அப்படிச் சிரிச்சு.

"இப்பத்தான் பார்த்தியா? நீ காலேஜ் சேர்ந்து ஹாஸ்டல் போனியே, 2018, அந்த வாரம் வெட்டினதுண்ணா. தீபாவளி லீவுக்கு வந்து திறப்பேன்னு பார்த்தேன். நீ போனையே நோண்டிட்டு இருந்துட்டுக் கிளம்பிட்ட. சரி, அடுத்த தடவை கண்ணுல படட்டும்னு இன்னொரு மரத்தையும் மொட்டையடிச்சேன்."

"மொத்தம் ஒன்பது இருக்குடா."

"ஆமா. ஒன்பது லீவு. பத்தாவது லீவுக்கு இன்டர்ன்ஷிப்னு நீ வரவே இல்ல. அதோட விட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரல. சும்மா இருக்கக்கூடாதேன்னு, "நான்தான்னு எப்படா கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டேன்.

"ஏழாவது படிக்கிறப்ப. உன் சுரங்கத்துல வழியெல்லாம் டார்ச் சொருகியிருந்த. பேய்க்கு எதுக்குண்ணா வெளிச்சம்?"

உண்மைதான். இருட்டுக்குப் பயந்துக்கிட்டே அவனைப் பயமுறுத்தியிருக்கேன்.

"அந்த பெல்ட் அடி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"விடுண்ணா. அங்க மணி மூணு இருக்கும்ல? சாப்டியா இல்லையா நீ?"

விட முடியலைங்க. ஆனா அவன் அதுக்கு மேல பேச விடல. கிளாஸுக்கு நேரமாச்சுன்னு வச்சுட்டான்.

ஒன்பது லீவு நான் அந்த வீட்டு நடுரூம்ல, அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து நாலடி தள்ளித்தான் உக்காந்திருந்திருக்கேன். ஒரு தடவை திறந்திருந்தா போதும். பேய்க்கதைன்னு நான் நினைச்சிட்டு இருந்தது, வந்து பாருன்னு ஒருத்தன் ஒன்பது தடவை கூப்பிட்டது.

அன்னிக்கு ராத்திரி திரும்ப உள்ள போய், பத்தாவது மரத்தைத் தேர்ந்தெடுத்து இலையை ஒண்ணொண்ணா எடுத்தேன். அதுக்குக் கீழ ரெண்டுக்கு ரெண்டு சுரங்கம், உள்ள ஒரு பலகை. டார்ச் வைக்கல. பலகைல என்ன எழுதினேன்னு இங்க சொல்ல மாட்டேன். ஃபோல்டரைச் சுருட்டி அவனுக்கு அனுப்பியாச்சு.

இன்னும் திறக்கல போல. செமஸ்டர் இருக்காம். பரவால்ல, நான் காத்திருக்கேன்.

பி.கு: பத்து மணி கூச்சல்ல இப்பல்லாம் நானும் சேர்ந்துக்கிறேன். குளிருக்கு நல்லா இருக்கு :-)