‘ஃபுல்’ என்றொரு சொல்

எங்கள் பகுதியில் வாகனம் வைத்திருப்பவர்களிடம் காப்புறுதி பற்றிக் கேட்டால் இரண்டு பதில்கள்தாம் வரும். ஒன்று ‘தேர்ட் பார்ட்டி’, மற்றது ‘ஃபுல்’. பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அயலவர் சிலர் அவற்றை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வதுண்டு. அப்படி வாசிக்க வாசிக்கத்தான் ‘ஃபுல்’ என்ற சொல்லின் மீது எனக்குச் சந்தேகம் வலுத்தது.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டம் கேட்பது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி அது இல்லாமல் வாகனத்தை வீதியில் இறக்கக் கூடாது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. நம் வாகனத்தால் இன்னொருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ அவருக்குரிய நட்டஈட்டுக்கு அது பொறுப்பேற்கும். நம் வாகனம் நொறுங்கினால் அதிலிருந்து ஒரு சதமும் வராது.

‘ஃபுல்’ நம் வாகனத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மோதல், தீ, களவு எல்லாம் அதில் உண்டு. ஆனால் வெள்ளம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவை பொதுவாகத் தனித்தனி வரிகளாக, தனிக் கட்டணத்துடன் சேர்க்கப்படுபவை. வரி இல்லையென்றால் காப்பும் இல்லை.

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் மூழ்கியபோது மச்சானின் காரும் ஆசனம் வரை நீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் பத்திரத்தோடு வந்தார்.

“ஃபுல்தானே மச்சான், பயமில்லைதானே?” என்றார்.

இரண்டு தடவை வாசித்தேன். தீ இருந்தது, களவு இருந்தது, வெள்ளம் இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கராஜ் செலவுக்கு ராத்தாவின் வளையல்கள் இரண்டு போயின.

கலவர வரியின் பெறுமதியை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும் கடைகளோடு வாகனங்களும் எரிந்தன. அந்த வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று காப்புறுதித் தொகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கார்களின் விலையும் ஏறியது. பத்திரத்திலோ பழைய தொகையே கிடந்தது. சந்தையில் 60 இலட்சம் பெறும் காரை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் அதன் பாதிக்குத்தான் காப்பு. ‘சராசரி’ நிபந்தனையைப் பிரயோகித்தால் 2 இலட்ச ரூபா சேதத்துக்கு 1 இலட்சமே கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சந்தை விலையை விசாரிப்பது அவசியம்.

‘எக்செஸ்’ என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய பங்கு. கட்டணம் குறைவு என்று மகிழும்போது இந்தப் பங்கு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தப் பாவனைக்கென்று பதிந்த காரை வாடகைக்கு ஓட்டினால் விபத்தின்போது கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டாலும் அதே வம்புதான்.

“நாம் தகாபுல்தானே எடுத்திருக்கிறோம்” என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது என்ற அதன் பொருள் அழகானது. வட்டி பற்றிய மனச்சங்கடத்தையும் அது தீர்க்கிறது. ஆயினும் அதிலும் நிபந்தனைகள் உண்டு, விலக்குகள் உண்டு. மார்க்கத்துக்கு உடன்பாடானது என்பதால் வாசிக்காமல் கையொப்பமிடலாம் என்றாகிவிடாது.

ஒரு கவிதையின் ஒற்றைச் சொல்லுக்காக ஓர் இரவு முழுவதும் விவாதிக்கும் நாம், குடும்பத்தின் சேமிப்பையே தாங்கி நிற்கும் ஒரு பத்திரத்தைப் புரட்டாமலே அலுமாரியில் வைத்துவிடுகிறோம். விளங்காத சொல்லை முகவரிடம் கேளுங்கள். அவர் தரும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இருந்தால் அடுத்த புதுப்பித்தலுக்கு முன் அந்தப் பத்திரத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ‘வெள்ளம்’ என்ற சொல் அதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.