படம் ஒன்று, ஏடு ஒன்று

யப்பானியரின் அசைவோவியப் படங்களை அனிமே என்றும், சித்திரக்கதை ஏடுகளை மங்கா என்றும் இளைஞர் வழங்குவதைப் பெற்றோர் பலரும் இன்று கேட்டிருப்பர். பாடப் புத்தகத்தைத் திறக்கச் சோம்பும் பிள்ளை, இருநூறு பக்க மங்கா ஒன்றை வலப்புறமிருந்து இடப்புறமாக ஒரே மூச்சிற் படித்து முடிப்பதைக் கண்டு, 'இதில் அப்படி என்னதான் இருக்கின்றது?' என வியப்போரும் உளர். அவர்களுக்கும் அவர்தம் மக்களுக்குமாகவே இதனை எழுதுகின்றோம்.

மங்கா ஒன்று புகழ் பெற்றால் அதுவே அனிமேயாகவும் வெளிவருதல் அந்நாட்டு வழக்கம். ஆகையால் படத்தைக் கண்டோர் அதன் மூல ஏட்டையே தேடிச் செல்வர். நாம் கூறும் வழி வேறு. படத்தைக் கண்டபின், அதே பொருளை வேறொருவர் தீட்டிய ஏட்டைக் கையில் எடுத்தல் வேண்டும். மூலத்தோடு ஒப்பிடுங்கால் எது விடுபட்டது, எது சேர்ந்தது என்னும் கணக்கே மிஞ்சும். பிறிதொருவர் கதையோடு ஒப்பிடும்பொழுதோ, ஒருவர் வாய்மூடிய இடத்தில் மற்றவர் பேசக் கேட்கின்றோம்.

முதலில் வைக்கத்தக்க இணை, 'மின்மினிகளின் கல்லறை' என்று பொருள்படும் 'கிரேவ் ஒவ் த ஃபயர்ஃபிளைஸ்' படமும், 'பெயர்ஃபுட் கென்' என்னும் மங்காவுமாம். அக்கியுக்கி நொசாக்கா 1967 இல் எழுதிய சிறுகதையைத் தழுவி, இசாவோ தக்காஹாத்தா 1988 இல் இயக்கிய படம் அது. தக்காஹாத்தா தம் ஒன்பதாம் வயதில் ஒக்கயாமா நகரத்து விமானக் குண்டுவீச்சினின்றும் தப்பியவர். 1945 இல் கோபே நகரில் தாயை இழந்த செய்த்தா என்னும் 14 வயதுச் சிறுவனும், 4 வயதுத் தங்கை செத்சுக்கோவும், உறவினள் ஒருத்தியின் சுடுசொல் பொறாது குளக்கரைப் பதுங்குகுழி ஒன்றிற் குடிபுகுகின்றனர். பதுங்குகுழி என்றால் என்னவென்று நம்மவருள் நடுவயதினர் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. இனிப்பு வில்லைகள் தீர்ந்த தகரப் பேணியில் நீரை வார்த்து, அந்நீரை அண்ணன் தங்கைக்குப் பருகக் கொடுக்கின்றான். பின்னர் அதே பேணியில் அவளுடைய எலும்புகள் இருக்கின்றன.

இப்படத்தைப் போரெதிர்ப்புப் படம் என்று மட்டும் சொல்லிவிடுதல் போதாது. செய்த்தாவின் கையில் தாயின் சேமிப்புப் பணம் இருக்கின்றது. உறவினளிடம் திரும்பிப் போ என்று அறிவுரை கூறுவாரும் உளர். அவன் மானம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அந்த மானத்துக்கு விலை கொடுத்தவள் தங்கை. பார்ப்பவர் நெஞ்சை அறுப்பது இதுவே.

இனி, கெய்ஜி நக்கசாவா 1973 இல் வரையத் தொடங்கிய 'கென்'னைப் பாருங்கள். 1945 ஓகஸ்ட் 6 ஆம் நாள் ஹிரோஷிமாவிலே, பள்ளி மதிலின் மறைவில் நின்றமையால் உயிர் தப்பிய ஆறு வயதுச் சிறுவர் அவர். தந்தையும் தமக்கையும் தம்பியும் மாண்டனர். அதனையே கென் என்னும் சிறுவனின் கதையாக 10 தொகுதிகளில் வரைந்தார். ஓவியம் சற்றுக் கரடுமுரடானது. பாத்திரங்கள் ஓயாது கூச்சலிடுகின்றன. நளினம் தேடுவோர் முதற் தொகுதியிலேயே முகஞ்சுளிப்பர். ஆயினும் செய்த்தா செய்ய மறுத்தவை அனைத்தையும் கென் செய்கின்றான். இரக்கின்றான், சண்டையிடுகின்றான், பாடுகின்றான், தலைமயிர் உதிர்ந்த நிலையிலும் நகைக்கின்றான். மானத்தோடு மடிந்த பிள்ளையைக் கண்ட கண்ணுக்கு, வெட்கத்தை விட்டுப் பிழைத்த பிள்ளை மருந்தாகின்றான். ஆதலின் படம் முந்தியும் ஏடு பிந்தியுமாகவே வைத்தல் வேண்டும்.

சிறுவர் படிக்கலாமோ என்னும் வினா யப்பானிலும் எழுந்தது. மத்சுயே நகரக் கல்விச் சபை, 2012 இல் இவ்வேட்டை மாணவர் தாமாக எடுக்கவியலாதவாறு நூலக உள்ளறையில் வைக்கும்படி பாடசாலைகளைக் கேட்டது. பலத்த கண்டனத்தின்பின் 2013 இல் அவ்வேண்டுகோள் மீட்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேல், பெரியோர் ஒருவர் உடனிருந்து படிப்பிக்கலாம் என்பது நம் கருத்து.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேறோர் இணை உண்டு. மேற்சொன்ன படம் திரைக்கு வந்த அதே நாளில், அதனோடு சேர்த்தே காட்டப்பட்டது ஹயாவோ மியசாக்கியின் 'மை நெய்பர் டொட்டோரோ'. ஒரே இருக்கையில் இரண்டையும் கண்ட யப்பானியக் குடும்பங்களின் நெஞ்சுரத்தை என்னென்பது! இதற்கு இணையாகக் கியோஹிக்கோ அசுமா 2003 முதல் வரைந்துவரும் 'யொத்சுபா' மங்காவைக் கொள்க. இரண்டும் தந்தையொருவர் பிள்ளையோடு புதுவீடு புகுவதில் தொடங்குகின்றன. டொட்டோரோவில் தாய் மருத்துவமனையிற் கிடக்கின்றாள். காட்டுப் பூதத்தின் வேடிக்கையெல்லாம் அக்கவலையின் மேல் விரித்த பாய். யொத்சுபாவிலோ பூதமும் இல்லை, கவலையும் இல்லை. ஊஞ்சல், சில்வண்டு, அயல்வீட்டு அக்காமார் ஆகியவையே ஐந்து வயதுக் குழந்தைக்கு அதிசயமாகின்றன. வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் ஏடு.

மாணவர்க்கு ஒன்று. 2016 இல் நவோக்கோ யமடா இயக்கிய 'எ சைலன்ற் வொய்ஸ்', செவிப்புலனற்ற வகுப்புத் தோழியைத் துன்புறுத்திய சிறுவன் வளர்ந்தபின் சைகைமொழி கற்று அவளைத் தேடிச் செல்வதைக் கூறும். தக்கெஹிக்கோ இனோவே 1999 இல் தொடங்கிய 'ரியல்' மங்காவில், தான் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த பெண்ணொருத்தி விபத்தில் நடையிழக்கக் காரணமான இளைஞனும், காலிழந்து சக்கர நாற்காலியிற் கூடைப்பந்தாடும் வீரனும் சந்திக்கின்றனர். படத்திற் கண்ணீரோடு கிட்டும் மன்னிப்பு, இவ்வேட்டில் எளிதிற் கிட்டுவதன்று. இனோவே நீண்ட இடைவெளிகள் விட்டே வரைவதால் வாசகர்க்குப் பொறுமை வேண்டும். படத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முனையும் காட்சிகள் இருத்தலின், பெற்றோர் முன்னதாகத் தாம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு உடனிருந்து காண்க.