புடு ராயாவில் இன்னும் பயணம் புறப்படுகிறது

கோலாலம்பூரில் வளர்ந்தவர்களுக்குப் புடு ராயா என்றாலே டீசல் வாடை நினைவுக்கு வரும். 1976இல் திறந்த அந்தப் பேருந்து நிலையத்தில், தீபாவளிக்கு முதல் நாள் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ டிக்கெட் எடுப்பது பெரும்பாடு. 2011இல் தெற்கே போகும் பேருந்துகள் பண்டார் தாசேக் செலாத்தானுக்கு மாறின. கட்டடமும் புதுப்பொலிவு பெற்று, புடு சென்ட்ரல் ஆனது. மறு ஆண்டு அங்கே யூடிசி வந்தது. இப்போது பிளாசா ராக்யாட் எல்ஆர்டியில் இறங்கி அங்கே நடப்பவர்கள் கையில் பயணப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கோப்பு.

மகளின் கடப்பிதழைப் புதுப்பிக்க நானும் அப்படித்தான் போனேன். பழைய கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், மைகிட், என் அடையாள அட்டை ஆகியவற்றோடு பிள்ளையும் நேரில் வர வேண்டும். பெரியவர்களுக்கு 200 வெள்ளி, சிறுவர்களுக்கு 100. படத்தின் பின்னணி வெள்ளை என்பதால் அடர்நிறச் சட்டை போட்டு விடுங்கள். பல நாடுகளுக்குள் நுழைய, கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பள்ளி விடுமுறைக்கு விமான டிக்கெட் வாங்கும் முன் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாண்டுக்கு முந்தைய படத்தில் இருந்தது, கண்கள் பாதி மூடிய ஒரு கைக்குழந்தை. “இது யாரு பாப்பா?” என்று மகளே கேட்டாள்.

பக்கத்து இருக்கையில் மருமகளோடும் பேரனோடும் ஒரு பாட்டி. மகளின் கடப்பிதழை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“நான் இதக் கையில பிடிச்சதே இல்ல தம்பி. எனக்கு இன்னும் சிவப்பு ஐசிதான்.”

பிறந்தது இங்கேதான், ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லையாம். சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு உரியது. மலேசியக் கடப்பிதழோ குடிமக்களுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்பா பிறந்த ஊரை ஒருமுறை பார்க்க அவருக்கு ஆசை.

“இவன் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்” என்று பேரனின் தலையைத் தடவினார். அவன் எண் வந்ததும் முதலில் எழுந்தவர் அவர்தான்.

பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே இரண்டாவது கடப்பிதழ் கிடைக்கிறது என்றால், பிறந்தபோது யாரோ மறக்காமல் போய்ப் பதிந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் சிவப்பு அட்டையோடு ஒரு பெரியவர் இருந்தால், பிள்ளையின் பத்திரங்களைத் தேடி எடுக்கும் நாளில் அவருடையதையும் எடுங்கள். தேசியப் பதிவுத் துறைக்கு அவரோடு ஒரு நடை போய் விசாரித்து வாருங்கள்.