ஒரு குறிப்பும் ஒரு பிடி அரிசியும்

விடிகாலையில் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டு கைகளிலும் வேலை இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத் துணை வானொலி. கைத்தொலைபேசியில் இன்று எத்தனையோ வருகின்றன. ஆனால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் தள்ள வேண்டும். புட்டுக்கு மாக் குழைக்கும் கையோடு அது முடியாது. வானொலியைத் திருகி விட்டால் அது தன்பாட்டில் பேசும். நாங்கள் எங்கள் பாட்டில் வேலை செய்யலாம்.

எங்கள் பக்கத்தில் கேட்கும் ஒரு காலை நிகழ்ச்சியைப் பற்றியே இம்முறை சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். காலைச் செய்தி முடிந்ததும் அது தொடங்கும். இரண்டு பாட்டுகளுக்கு இடையில் நேயர்கள் தொலைபேசியில் ஒரு வீட்டுக் குறிப்புச் சொல்வார்கள். கடைசிப் பத்து நிமிடம் உதவிக்கு உரியது. யாருக்கு என்ன தேவை என்று அறிவிப்பாளர் சொல்வார். கொடுக்கக்கூடியவர்கள் அழைப்பார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் வாங்குபவர், கொடுப்பவர் என்ற இரண்டு சொற்களையும் எனக்கு வேறு விதமாக விளங்கப்படுத்தியது இந்த நிகழ்ச்சிதான்.

எங்கள் தலைமுறைக்கு வானொலி பழைய உறவு. இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுத்தான் பலர் பள்ளிக்கூடம் போக ஆயத்தமானோம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடை செய்யப்பட்ட பொருளானது. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். செய்தி முடியும்வரை சுற்றுபவரின் கை ஓயக்கூடாது. ஓய்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் ஓய்ந்துவிடும்.

அந்தக் காலத்தில் குறிப்புகள் வீட்டுக்கு வீடு வாய்வழியாகவே போயின. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அந்தப் பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றினால் சொற்ப எண்ணெயில் இரவு முழுவதும் வெளிச்சம் இருந்தது. சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். இதை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னார். அதற்குக் காசும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

2022இல் நாட்டுக்கே தட்டுப்பாடு வந்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நீண்ட வரிசை. அந்த நாட்களில் ஒரு காலை இந்த நிகழ்ச்சிக்கு ஒரு வயதான அம்மா எடுத்தார்.

“அம்மா, எங்கயிருந்து கதைக்கிறியள்? பேரைச் சொல்லுங்கோ.”

“பேர் என்னத்துக்குத் தம்பி? தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் விளக்கெரிச்ச விதத்தைச் சொல்லட்டே?”

அவர் ஜாம் போத்தல் விளக்கை விளக்கினார். அன்று முழுவதும் அதைப் பற்றியே அழைப்புகள். இடம்பெயர்ந்து, எல்லாம் இழந்து, மரநிழலில் சமைத்த பெண்களுக்குத் தெரிந்ததைக் கேட்க அந்த ஆண்டு பலர் காத்திருந்தார்கள்.

அந்த நிகழ்ச்சியில் கேட்டு நான் இன்றும் கைக்கொள்ளும் சில குறிப்புகளை இங்கே தருகிறேன். பயறு, கௌபி, கடலையை இரவே ஊற வைத்தால் காலையில் விறகு நன்றாக மிச்சப்படும். கறிச் சட்டியை மூடிச் சமைத்தால் இன்னும் மிச்சம். பருப்பு ஒரு கொதி கொதித்ததும் இறக்கி, சட்டியைச் சாக்கினாலும் பழைய துணியாலும் இறுகச் சுற்றி மூடி வைத்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும்.

இரத்தச்சோகை எங்களில் பலருக்கு உண்டு. முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டால் இலையில் உள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்தைத் தேநீர் தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் கடையில் விற்கும் ‘ஜீவனி’ கரைசல் கொடுக்கலாம். அது கைவசம் இல்லையென்றால் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அளவு முக்கியம். உப்புக் கூடினால் பிள்ளைக்குக் கேடு. பிள்ளை சோர்ந்து போனாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மழைக்காலத்தில் வாரம் ஒருநாள் தண்ணீர்த் தொட்டியையும் பூச்சாடித் தட்டையும் தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக வர 7 முதல் 10 நாட்கள்வரை போதும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த பின்னும் உயிரோடு இருக்கும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வைத்தியரிடம் கேளாமல் எடுக்கக்கூடாது.

இலக்கங்கள் மூன்றைக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அவசர அம்புலன்ஸுக்கு 1990, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. நள்ளிரவில் பதற்றத்தில் எவருக்கும் இலக்கம் ஞாபகம் வராது. சுவர் ஞாபகம் வைத்திருக்கும்.

இனி உதவியின் பக்கத்துக்கு வருகிறேன். போருக்குப் பின் எங்களுக்கு உதவி பல வழிகளில் வந்தது. அதை மறந்தால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். 2010இல் மீள்குடியேறியபோது எனக்கும் ஒரு தையல் மெஷின் கிடைத்தது. இன்றும் அதில்தான் தைக்கிறேன். ஆனால் அதைப் பெற வெயிலில் அரைநாள் நின்றோம். பதாகை கட்டி, பெயர் கூப்பிட்டு, மெஷினில் கை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். “பயனாளிகள் எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கோ” என்றார்கள். அந்தப் படத்தின் பிரதி ஒன்று பின்னர் என் கைக்கு வந்தது. அதில் என் மகள் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். அப்போது அவளுக்கு 9 வயது. எதற்காகக் குனிந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

வானொலியிலும் தொடக்கத்தில் இதே வழக்கம் சிறிது இருந்தது. உதவி கேட்பவரை அழைத்து, கணவர் எப்படிக் காணாமல் போனார், அன்று என்ன நடந்தது என்றெல்லாம் கேட்பார்கள். அழுகை கேட்டால் கொடுப்பவர் மனம் இளகும் என்று நினைத்திருக்கலாம். நல்லெண்ணம்தான். ஆனால் இரண்டு சோடிச் சப்பாத்துக்காக ஒரு பெண் தன் வாழ்வின் மிகக் கொடிய நாளை ஊர் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அதை மாற்றியவர் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர். பனையோலை வேலை செய்பவர். பள்ளி தொடங்கும் மாதம், இரண்டு பிள்ளைகளுக்கும் சப்பாத்து வேண்டும் என்று கேட்டிருந்தார். அறிவிப்பாளர் வழக்கம்போல அவருடைய கணவரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

“அது வேண்டாம் தம்பி. அது என்ரை கதை. பிள்ளையளுக்குச் சப்பாத்து வேணும், அளவு மூண்டும் அஞ்சும். சும்மா வாங்க எனக்கு விருப்பமில்லை. ஒரு குறிப்புச் சொல்லிப்போட்டு வாங்கிறன்.”

பிறகு ஒடியல் மாவின் கசப்பை எடுக்கும் முறையைச் சொன்னார். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து, அடைய விட்டு, மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும். இப்படி இரண்டு மூன்று தரம் செய்தபின் கூழுக்கோ பிட்டுக்கோ எடுத்தால் பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள் என்றார். சொல்லும்போது அவர் குரலில் நடுக்கம் இல்லை. ஆசிரியை பாடம் நடத்துவது போல இருந்தது.

சப்பாத்து அடுத்த நாளே வந்தது. அதைவிட, ஒடியல் மா பற்றி மேலும் கேட்டு மூன்று பெண்கள் அழைத்தார்கள். அதன்பிறகு நிகழ்ச்சியில் ஒரு புது வழக்கம் வந்தது. உதவி கேட்பவரின் பெயரும் ஊரும் சொல்லப்படுவதில்லை. தேவை மட்டும் சொல்லப்படும். பொருள் அந்தந்த ஊர் மாதர் சங்கத்தின் ஊடாகப் போய்ச் சேரும். கேட்பவர் விரும்பினால் ஒரு குறிப்புச் சொல்லலாம். அநேகமாக எல்லாரும் சொல்கிறார்கள். கொடுப்பவர்களின் பெயரும் இப்போது வாசிக்கப்படுவதில்லை.

பொருள் கொடுக்க வசதியில்லாதவருக்கும் அதில் இடம் உண்டு. இரத்தம் தேவை என்று அறிவித்தால் எங்கள் ஊர் இளம்பெண்கள் போகிறார்கள். 18 முதல் 60 வயதுவரையானவர்கள், 50 கிலோவுக்கு மேல் நிறையும் நல்ல உடல்நலமும் இருந்தால், 4 மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். கண் தெரியாத ஒருவருக்குக் கடிதம் வாசித்துக் காட்டவும், கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் ஆட்கள் முன்வருகிறார்கள். இவையும் கொடைதான்.

இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் மாதர் சங்கத்தில் பழைய பிடியரிசி வழக்கத்தை மீண்டும் தொடங்கினோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போடுவது எங்கள் அம்மாமார் செய்ததுதான். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம். ஒரு வீட்டில் அது குறைவது தெரியாது. 12 வீடுகளில் 30 நாட்கள் சேர்ந்தால் 18 கிலோ. பிள்ளை பெற்ற வீட்டுக்கும், நோயாளி உள்ள வீட்டுக்கும், மரண வீட்டுக்கும் அதிலிருந்து போகிறது. இந்த மாதம் வாங்கும் வீடும் அடுத்த மாதம் ஒரு பிடி போடும். அதனால் அந்தப் பானையில் யாருடைய அரிசி யாருக்குப் போகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இந்தப் பானை பெரிய வேலை செய்தது. வடக்கிலும் வெள்ளம்தான். ஆனால் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் மண்சரிவு வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. அங்குள்ள மக்களுக்குப் பொருள் சேர்ப்பதாகக் காலை நிகழ்ச்சி அறிவித்தது. என்ன அனுப்புவது என்று எங்கள் சங்கத்தில் கூடிப் பேசினோம். அரிசி, பருப்பு என்று எழுதியபின் ஒரு அக்கா சொன்னார்: “நாங்கள் 2009இலை செட்டிகுளம் முகாமிலை இருந்தனாங்கள்தானே. பொதியிலை என்ன வராது எண்டு எங்களுக்குத் தெரியுமெல்லோ.”

அதன்பிறகு பட்டியல் வேறாக வந்தது. அணையாடை, புது உள்ளாடை, சீப்பு, நகவெட்டி, மூடியுள்ள வாளி, குளிக்கும்போது மறைப்புக்கு ஒரு நீளத் துணி, மூக்குக் கண்ணாடி வைக்க ஒரு சிறு பை. கிழிந்த பழைய உடுப்பு ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அடுத்த நாள் அந்தப் பட்டியலை வானொலியில் வாசித்தோம். வேறு ஊர்களும் அதைப் பார்த்தே பொதி கட்டின. முகாமில் நாங்கள் பட்ட வெட்கம் இன்னொரு பெண்ணுக்கு வெட்கம் வராமல் காத்தது.

சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வானொலியின் பெயரைச் சொல்லித் தனியார் வங்கிக் கணக்குக்குக் காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள். பொருளாகக் கொடுங்கள். காசென்றால் பற்றுச்சீட்டுத் தரும் சங்கத்திடம் கொடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு குறிப்பைச் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுதுவார். சொன்னவர் பெயரும் நாளும் பக்கத்தின் கீழே இருக்கும். இதுவரை 63 குறிப்புகள் சேர்ந்துள்ளன. எங்களில் எவரும் “எனக்கொன்றும் தெரியாது” என்று சொல்லித் தப்ப முடியவில்லை. முதலில் அப்படிச் சொன்ன ஒரு அம்மாதான் இதுவரை 7 குறிப்புகள் தந்திருக்கிறார். உங்கள் ஊரிலும் ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். 80 பக்கக் கொப்பி ஒன்று போதும்.