இறால் ஊரில் தனிச் சட்டி

இடக்கொச்சியைச் சுற்றிக் காயல். பக்கத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல், நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால். இந்தச் சீமையில் இறால் ஒவ்வாத பிள்ளைக்குச் சோறூட்டுவது லேசான காரியமா?

நன்றாக வேகவைத்தாலும் பயனில்லை. ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியப் புரதமான ட்ரோபோமயோசின் கொதிக்கும் சூட்டையும் தாங்கும். இறால் கறியை ஒதுக்கிவிடலாம். உலர்ந்த இறால் சம்மந்தி அரைத்த அம்மியும், இறால் பொரித்த எண்ணெயும்தான் ஆளை ஏமாற்றும். மூச்சுத் திணறினால் கைவைத்தியம் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

நண்டிலும் பெரும்பாலும் இதே வம்பு. கரிமீனின் கதை வேறு. டாக்டர் பரிசோதித்துச் சம்மதித்தால் தனிச் சட்டியில் வைக்கலாம். அதுவரை கஞ்சியும் சிறுபயறும். சாயங்காலம் அவித்த நேந்திரம்பழம், தேங்காய்ப்பால் விட்டு. கடைப் பழம்பொரி கேட்டு அழுதால்? வீட்டிலேயே, புது எண்ணெயில்.